பச்சைக் கோட்டுக்குள் காக்காவின் காணி

டிப்பரின் பின்பெட்டி மெதுவாக மேலே எழும்பியது. காணியை மேடாக்கும் கிறவல் மண் சரிந்து விழும் சத்தம் எனக்குப் புதிதல்ல. என் உத்தியோக காலத்தில் அதை எத்தனையோ காணிகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று காலை அந்தச் சத்தம் என்னை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது.

சிவப்புத் தூசு அடங்கியபோது, தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்த கிறவல் குவியல் தெரிந்தது. சம்புப் புல் அதன் அடியில் மடிந்து கிடந்தது. இரண்டு கொக்குகள் எழும்பிப் பறந்து அடுத்த வரம்பில் போய் இருந்தன. சாறனை மடித்துக் கட்டிய ஒருவர் சாரதிக்குக் கைகாட்டிக்கொண்டு, "இன்னும் பின்னால, இன்னும் பின்னால" என்று சத்தம் வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் என் காக்கா. கூடப் பிறந்த மூத்த சகோதரர்.

நான் ஸ்கூட்டியை வரம்போரம் நிறுத்தினேன். என் பையில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளக்காணி முழுவதும் அதில் பச்சை. அந்தப் பச்சையைத் தீட்டியது நான்தான்.

"காக்கா, நிப்பாட்டுங்க."

அவர் என்னைக் கண்டதும் சிரித்தார். "வாகா ஜெஸி. நல்ல நேரத்துக்குத்தான் வந்திரிக்காய். இஞ்ச பாரு, இளைய மகள் ரிஸ்னாட வளவு. வீட்டுக்கு மூலை எங்க வரும் எண்டு நீயே பாத்துச் சொல்லு."

"நான் அளக்க வரல்ல. இதுக்குள்ள கிறவல் கொட்ட ஏலா எண்டு சொல்ல வந்தன். இது மழத்தண்ணிக்கு விடுற காணி. உங்களுக்கும் சபையில இருந்து அறிவிச்சிரிக்காங்க."

"அது மத்தவங்களுக்கு. எனக்குமா?"

"ஓம். உங்களுக்கும்தான்."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ தெரியாது. நான் சாரதியிடம் திரும்பி, "தம்பி, அடுத்த லோட் கொண்டுவராதங்க. வந்தா வண்டிய மறிக்க வேண்டி வரும்" என்றேன். அந்தப் பிள்ளை காக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

காக்காவின் முகம் மாறியது அப்போதுதான்.

"டிரைவருக்கு முன்னால என்ன மனிசனா மதிக்கல்ல நீ" என்றார். அவ்வளவுதான். மடித்துக் கட்டிய சாறனை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்து போனார். அதற்குப் பிறகு நெடுநாள் அவர் என்னோடு கதைக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை சந்தைக் கூரையையும் வடிகானையும் பஸ் தரிப்பிடத்தையும் பற்றி எழுதி வந்தேன். "எல்லாம் ஊர்ச் சண்டை, உங்கட வீட்டுச் சண்டை ஒண்டும் இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது. இந்த வாரம் அதுதான்.

ஒடுங்கிய ஊர்

எங்கள் கரையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கே கடல். மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு மணல் துண்டில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். கல்முனையில் பஸ் ஏறித் தெற்கே வந்தால், ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதைக் கடைப் பலகைகளை வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீடும் வீடும் அப்படி ஒட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நம் வீட்டுப் பிள்ளை சோறு கேட்கும்.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் ஒரு வளவும் அதில் ஒரு வீடும் வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். கலியாண வயதில் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையைக் குமர் என்போம். ஒரு குமர் இருக்கும் தகப்பன் ஒரு வீடு கட்ட வேண்டும், மூன்று குமர் என்றால் மூன்று வீடு. தகப்பன்மார் முதலில் தங்கள் வளவைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பிறகு தென்னையைத் தறித்தார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைக்குப் பிறகு, கரைப் பக்கம் வீடு கட்டப் பயந்து எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். மேற்கே வயலும் பள்ளக்காணியும்தான் மிச்சம்.

அதனால் கிறவல் கொட்டிய யாரையும் பேராசைக்காரர் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஒவ்வொரு டிப்பர் கிறவலுக்கும் பின்னால் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்.

ஆனால் அந்தப் பள்ளக்காணிக்கும் ஒரு வேலை இருந்தது. மாரி காலத்தில் மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் இருந்து வரும் தண்ணீரும், ஊரின் கூரைகளில் இருந்து வழியும் தண்ணீரும் அங்கேதான் போய்த் தங்கும். தங்கி, ஆறுதலாகத் தோணாவுக்குள் இறங்கும். தோணா என்பது கடலோரம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் சிறிய களப்பு. அங்கிருந்து கடல். பள்ளத்தை மேடாக்க மேடாக்க, தங்க இடமில்லாத தண்ணீர் ஒழுங்கைகளுக்குள் ஏறத் தொடங்கியது. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தும் வழக்கம் எங்கள் வீடுகளில் அப்படித்தான் வந்தது.

பச்சை என்றால் பெயின்டா?

நான் எங்கள் உள்ளூராட்சிச் சபையில் திட்டமிடல் பகுதிக்குப் போன புதிதில் கொழும்பில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். விரிவுரையாளர் "பசுமை உட்கட்டமைப்பு" என்று ஆரம்பித்தார். எங்கள் சபைக் கந்தோர் மதிலுக்குப் பச்சை நிறம் அடிக்கச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அதற்கு முந்திய மாதம் அப்படி ஒன்றை நாங்கள் செய்தும் இருந்தோம்.

அவர் படங்களைக் காட்டினார். வெளிநாட்டுப் பட்டணங்களில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பூங்காக்கள், ஆற்றின் இரண்டு கரையும் மரம். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு இடத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஒரு ஓட்டோ போனால் மற்ற ஓட்டோ நின்று வழிவிட வேண்டிய ஒழுங்கைகள் எங்களுடையவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரவெல்லாம் நித்திரை இல்லை. விடியும்போது ஜன்னலால் பார்த்தேன். சம்புப் புல்லும் தாமரையும் மூடிய எங்கள் பள்ளக்காணி, குப்பைப் பைகளோடு அப்படியே கிடந்தது. அவர் காட்டிய பூங்காவை நாங்கள் கட்டத் தேவையில்லை, மூடாமல் விட்டால் போதும் என்று அப்போது விளங்கியது.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. சப்பாத்தும் ஹபாயாவும் சேறாகி, வரம்பு வரம்பாக நடந்தேன். எந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று இரண்டு மாரி பார்த்தேன். "லெவல் பாக்கிற புள்ள போகுது" என்று பொடியன்மார் பகிடி பண்ணுவார்கள். பள்ளக்காணி, அதற்குத் தண்ணீர் வரும் மதகு, அங்கிருந்து தோணாவுக்குப் போகும் வாய்க்கால், தோணாவின் இரண்டு கரை என்று எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் கொண்டுவந்து பச்சை தீட்டினேன். கரையில் மருதும் நாவலும் புங்கும் நட வேண்டும். வரம்பில் நடைபாதை. அதற்குள் வீடு கட்ட அனுமதி இல்லை. திட்டம் அவ்வளவுதான்.

கோடு கீறி முடித்த பிறகு காணிக்காரர்களின் பெயர்களைச் சேர்த்தோம். மதகுக்கு நேரே, தண்ணீர் உள்ளே வரும் கழுத்தில், என் காக்காவின் பெயர் வந்தது.

அவர் கட்டாரில் லொறி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய காணி அது. மணல் காற்றில் கண் சிவந்து, பெருநாளுக்கும் ஊருக்கு வராமல் இருந்து வாங்கியது. மூத்தவள் ஸப்னாவுக்கு உம்மாவின் பழைய வளவில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். அதன் பின்பக்கத்துச் சிறிய வீட்டில் காக்காவும் மதினியும் இளையவள் ரிஸ்னாவும் இருந்தார்கள். பள்ளக்காணி ரிஸ்னாவுக்கு. அவளுக்கு மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது.

"கொஞ்சம் வளைங்க, மிஸ்"

டிப்பரை நிறுத்திய செய்தி எனக்கு முன்னால் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் பொறியியலாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு இருக்கச் சொன்னார். தேத்தண்ணி எடுப்பித்தார்.

"மிஸ், அந்த ஒரு துண்டுக்காக ஏன் குடும்பத்துல பிரச்சின? கோட்டக் கொஞ்சம் வளைங்க. நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

"அது கழுத்து, சேர். அத மூடினா உள்ளுக்குப் போற தண்ணிக்கு வழி இல்ல."

"சின்னத் துண்டுதானே."

"என்ட காக்காட துண்டு சின்னன் எண்டா, பக்கத்து ஆள்ட துண்டும் சின்னன்தான். பிறகு பிளான்ல பச்சை இரிக்கும், காணியில இரிக்காது."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "அப்ப இந்தப் பகுதிய நான் பாக்கிறன். நீங்க ஒதுங்கி நில்லுங்க. ஊர் கதைக்கும்."

"ஒதுங்கினா பயந்து ஒதுங்கினது எண்டு கதைக்கும், சேர். கையெழுத்த நீங்க வைங்க. ஆனா கூட்டத்துல நான்தான் கதைப்பன். இது என்ட காக்காட காணி எண்டும் நானே சொல்லுவன்."

தேத்தண்ணியை நான் தொடவே இல்லை என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மண்டபத்தில்

காணிக்காரர்களின் கூட்டம் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் முன்னால் இருந்தார்கள். பெண்கள் பின்வரிசையில். மின்விசிறிகள் சுற்றினாலும் வேர்வை வழிந்தது. நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு துண்டாகக் காட்டினேன். கழுத்துக்கு வந்ததும், "இது என்ட கூடப் பிறந்த காக்காட காணி. இதுக்கும் அதே சட்டம்தான்" என்றேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பிக் காக்காவைப் பார்த்தது. அவர் எழும்பினார். என்னைப் பார்க்காமல் பொறியியலாளரைப் பார்த்துக் கதைத்தார்.

"சேர், எனக்கு வீட்டுல குமர் இரிக்கி. அவளுக்கு வீடு கட்டத்தான் இந்தக் காணி. தண்ணிக்கு எண்டு விடச் சொல்லுறீங்க. நான் ஒண்டு கேக்கிறன், தண்ணிக்குக் குமர் இரிக்கா?"

மண்டபமே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். என் காது சூடாகியது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"தண்ணிக்குக் குமர் இல்லதான். ஆனா அதுக்கும் இரிக்க இடம் வேணும். இடம் குடுக்காட்டி, அது குமர் இரிக்கிற வீட்டுக்குள்ளதான் வரும்."

பின்வரிசையில் பெண்களின் பக்கம் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒன்றும் இல்லை. நான் நன்றாகப் பதில் சொன்னேன் என்று அன்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. வெளியே வந்தபோது, ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் மிஞ்சியது. எல்லோரும் காக்காவைச் சுற்றி நின்று தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

கூட்டம் போட்டு ஆகாது என்று அன்றே முடிவெடுத்தேன். அடுத்த நாளில் இருந்து வீடு வீடாகப் போனேன்.

ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் போவேன். எங்கள் பக்கத்தில் காணி உறுதிப் பத்திரங்களில் பாதிக்கு மேல் பெண்களின் பெயர்தான் இருக்கும். அவர்களை அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வரைபடத்தைச் சீமெந்துத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் கோப்பை வைத்து, "உங்கட வீட்டுக்குத் தண்ணி எந்தப் பக்கத்தால வருகுது?" என்று கேட்பேன். குசினிப் பக்கம், கிணற்றடிப் பக்கம் என்று அவர்கள் விரலால் காட்டிக்கொண்டே போவார்கள். அந்த விரல் கடைசியில் மேடாக்கிய ஒரு காணியில் போய் நிற்கும்.

சிலர் ஓம் என்றார்கள். சிலர், "மகன் வெளிநாட்டால வரட்டும்" என்றார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். சிலர் பயந்து அவசரமாகக் கிறவல் கொட்டி முடித்தார்கள். என் பச்சைக் கோட்டில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. இருந்ததைக் காப்பாற்றுவோம் என்று நான் நடந்துகொண்டே இருந்தேன்.

காக்காவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த ஒழுங்கையால் போகும்போது மதினி யன்னலுக்குள் இருந்து கண்ணால் சிரிப்பார். கேற் பூட்டியிருக்கும்.

ரிஸ்னா வந்தாள்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ரிஸ்னா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். கையில் சோக்குத் தூள் ஒட்டியிருந்தது. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மாமி, எனக்கு அந்தக் காணி வேணா."

அவள் என் திட்டத்துக்காகத்தான் இதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதை விளங்கிக்கொண்டது போல அவளே தொடர்ந்தாள்.

"உங்கட பிளானுக்காகச் சொல்லல்ல. அங்க என்னால தனிய இரிக்க ஏலா. பக்கத்துல ஒரு வீடு இல்ல. அவருக்கு வேல அக்கரைப்பத்துல, போனா இருட்டி, மஃரிபுக்குப் பிறகுதான் வருவார். மாரிக்குப் பாம்பு வேற. எனக்கு உம்மாவோட இரிக்கத்தான் விருப்பம்."

"இத வாப்பாட்டச் சொன்னியா?"

"அவர் என்னட்டக் கேக்கல்லயே. வாப்பாவும் கேக்கல்ல, நீங்களும் கேக்கல்ல. எல்லாரும் என்ட வளவு, என்ட வளவு எண்டு சண்ட பிடிக்கிறீங்க. ஒராள் வந்து உனக்கு எங்க இரிக்க விருப்பம் புள்ள எண்டு கேட்டீங்களா?"

ஊரில் உள்ள பெண்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்த எனக்கு அது நன்றாக உறைத்தது.

"இப்ப கேக்கிறன் மகள். உனக்கு எங்க இரிக்க விருப்பம்?"

"ராத்தாட வீட்டுக்கு மேல. மாடியில. கடல் காத்து வரும்."

எங்கள் ஊரில் மாடி வீடு இல்லாமல் இல்லை. ஆனால் அக்காவின் தலைக்கு மேல் தங்கைக்குச் சீதனம் கொடுத்த கதையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அப்ப வா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன். "கதைக்கிறது நீ. நான் பக்கத்துல இரிப்பன்."

மாடிப்படி

கேற்றை ரிஸ்னாவே திறந்தாள். காக்கா முற்றத்தில் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். மகள் முன்னால் போய் நின்றாள்.

அவள் சொன்னதை அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கட்டார்ல ஒவ்வொரு நாளும் அந்தக் காணியத்தான் நினைச்சன். வெயிலுக்குள்ள லொறியில இருந்துகொண்டு, வாசல் எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம் எண்டு மனசுக்குள்ள கட்டிப் பாத்தன். இப்ப வேணா எண்டுறாய்."

ரிஸ்னா அழுதாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. "வீடு வேணா எண்டு சொல்லல்ல வாப்பா. அந்த இடம்தான் வேணா. அந்த வீட்ட இஞ்ச மேல கட்டுங்க. வாசல் நீங்க நினைச்ச பக்கமே வைங்க."

"மாடியக் குடுத்தா ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ள வீட்டார் என்ன சொல்லுவாங்க?"

அப்போது முன்வீட்டில் இருந்து ஸப்னா வந்தாள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். மாடி கட்டுவதாக இருந்தால் அந்தக் காணியில் ஒரு பங்கைத் தங்கைக்கு எழுத வேண்டும். எழுத வேண்டியவள் அவள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"இவள் மேல நடந்தா நான் பொறுப்பன். இவள்ட புள்ள ஓடினாத்தான் பாக்கணும்" என்றாள்.

மதினி சிரித்துவிட்டார். காக்கா சிரிக்கவில்லை. "நீ உன்ட மாப்பிள்ளையிட்டக் கேட்டியா?" என்றார்.

"அவருக்கு நான் சொல்லுறன் வாப்பா. காணி என்ட பேர்ல."

ரிஸ்னாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாயாரிடம் நானும் மதினியும் போனோம். மருதமுனையில் நெசவுச் சாமான் விற்கும் குடும்பம். வீட்டுக்குள் நுழையும்போதே நூலுக்குப் போட்ட கஞ்சியின் மணம். அந்த அம்மையார் வெற்றிலை போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல் வீட்டுக்கு உறுதி இரிக்குமா? வெறும் வாய்க்கதை எண்டா நான் ஓம்படமாட்டன்."

சட்டத்தரணியிடம் ஏற்கெனவே விசாரித்திருந்தோம். காணியில் பிரிக்காத பங்கும் மேல் வீட்டு உரிமையும் ரிஸ்னாவின் பெயரில் எழுதலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அப்ப சரி. வெள்ளத்துல மிதக்கிற வீட்ட விட மாடி நல்லம். படிய மட்டும் செங்குத்தா வைக்காதங்க. என்ட முழங்கால் ஏலா."

படியைச் சரிவாக வைத்தோம். அதனால் கீழே ஸப்னாவின் விறாந்தையில் ஒரு துண்டு போனது. அதற்கு அவள் இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் ஓம் என்ற பிறகு, பள்ளக்காணியை மேடாக்குவதில்லை என்று காக்கா கையெழுத்துப் போட்டார். கொட்டிய ஒரு லோட் கிறவலை அள்ளி வரம்பு நடைபாதைக்குப் பரப்பினோம். பதிலாகச் சபை தருவதாகச் சொன்ன மாற்றுக் காணி, நான் இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அதற்கு நான் இன்னும் கந்தோர் கந்தோராக ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கையெழுத்து வைத்தாலும் காக்கா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. கலியாணத்தில்கூட, "மாமிக்குச் சாப்பாடு குடுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாரே தவிர, என்னிடம் சொல்லவில்லை.

மாரி

நான் கீறியதை விடச் சிறிதாக, ஓட்டைகளோடுதான் திட்டம் நிறைவேறியது. தோணாக் கரையில் நட்ட மருதங்கன்றுகளில் பாதியை ஆடு தின்றது. திரும்ப நட்டோம், முள்வேலி கட்டினோம். அந்த வருடம் மாரி பிந்தித்தான் வந்தது. வந்தபோது ஒரேயடியாக வந்தது. கடலும் வானமும் ஒரே நிறம். கூரைத் தகட்டில் விழும் மழையில் பாங்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை என் தொலைபேசி ஓயவில்லை. "ஒழுங்கைக்குள்ள முழங்காலுக்குத் தண்ணி, மிஸ். உங்கட பச்சை எங்க?" என்று கேட்டார்கள். கோபத்துக்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மதகுக்குப் போகும் ஒழுங்கையில் தண்ணீர் அசையாமல் நின்றது. ஆற்றுவாழையும் போத்தல்களும் மிதந்தன. அதன் நடுவில், சாறனை மடித்துக் கட்டியபடி, காக்கா நின்றுகொண்டிருந்தார். மழை அவர் தாடியால் வழிந்தது.

"ஜெஸி" என்று கூப்பிட்டார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு. "தண்ணி என்ட காணிக்குள்ள வரணும் எண்டுதானே சொன்னாய்?"

"ஓம் காக்கா."

"நான் போய்ப் பாத்தன். அங்க கணுக்காலுக்குத்தான் இரிக்கி. இஞ்ச முழங்காலுக்கு நிக்குது. அப்ப நான் என்னத்துக்கு விட்டுக் குடுத்தன்?"

அவருடைய கோபம் எனக்கு உடனே பிடிபடவில்லை. தண்ணீர் வரவில்லை என்றுதான் அவர் கோபப்பட்டார்.

இருவரும் தண்ணீருக்குள் காலால் தடவித் தடவி மதகு வரைக்கும் நடந்தோம். காரணம் அங்கே தெரிந்தது. மதகுக்கு முன்னால், அவசரமாக மேடாக்கிய ஒரு காணியின் புது மதில். அதன் அத்திவாரம் வாய்க்காலைக் குறுக்கே மறித்திருந்தது. காணிக்காரர் இரும்புச் சாமான் கடை முதலாளி. இரண்டு தடவை நான் போயும் கேற் திறக்காதவர்.

"இவர்தானா?" என்றார் காக்கா.

"இவர்தான். மழை விடட்டும், சபையில இருந்து ஆக்களோட வந்து..."

"மழை விட்டா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது" என்றவர், நேரே போய்க் கேற்றைத் தட்டினார். நான் தட்டுவது போலல்ல. உள்ளங்கையால், வீடே அதிரும்படி.

முதலாளி குடையோடு வந்தார். காக்கா ஸலாம் சொன்னார். பிறகு அவரைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கி, ஒழுங்கையையும் காட்டினார், மதிலுக்கு அப்பால் பாதி வெறுமையாகக் கிடந்த தன் காணியையும் காட்டினார்.

"அந்தக் காணி கட்டார்ல உழைச்சு வாங்கினது. மகளுக்கு வச்சிருந்தது. தண்ணிக்கு விட்டுட்டன். விட்டது விட்டதுதான். ஆனா அத உங்கட மதில் வீணாக்குது."

"ஹாஜியார், புது மதில். மழை விட்ட பிறகு பாப்பமே" என்றார் முதலாளி.

"இல்ல. எங்க உடைக்கணும் எண்டு இப்பதான் தண்ணியே காட்டிக்கொண்டு நிக்குது. முழு மதிலயும் கேக்கல்ல. அடியில ஒரு வாசல். பிறகு ஜெஸி வந்து மதகு மாதிரி ஒழுங்காக் கட்டித் தருவாள். என்ன, ஜெஸி?"

"ஓம்" என்றேன்.

முதலாளி ஒழுங்கையைப் பார்த்தார். அங்கே வாசல்களில் பெண்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பி, "மகன், அலவாங்க எடுத்துட்டு வா" என்றார்.

மகன் அந்தக் கடப்பாரையால் நெம்பியும் முதல் கல் பெயர்வதற்குச் சுணங்கியது. அது பெயர்ந்ததும் மற்றவற்றைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. சேறும் ஆற்றுவாழையும் சுழன்று, ஓட்டையால் பாய்ந்து, மதகுக்குள் விழுந்து, மறுபக்கம் காக்காவின் காணிக்குள் பரவியது. அவர் கட்டாரில் இருந்து நினைத்துப் பார்த்த வாசலும் குசினியும் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது.

காக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வழிந்ததில் எது மழை என்று நான் பார்க்கப் போகவில்லை. பிறகு கையை நீட்டி அலவாங்கை வாங்கினார்.

"காணாது" என்றார். "இன்னும் கொஞ்சம் அகலமா உடைப்பம்."